பத்து சென்டிமீட்டர்

...துளையில் தப்பு இருக்காது, துளை அண்ணன் போட்டது, அப்படியென்றால் பாய்மரம்தான் தடித்திருக்க வேண்டும், அது தையல்காரத் தம்பி அவன் சுருட்டியது, பின்னல் ஊசிமேல் காகிதத்தைச் சுற்றிப் பசை தடவி மூன்று நாள் காயவைத்தது, போன வாரம்வரை கம்பீரமாக நின்ற கம்பம் இன்றைக்குக் கப்பலின் மேல்தளத்தில் நுழையவே மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. கடை ஷட்டரைப் பாதி இறக்கியாயிற்று, நான்கு மணிவரை சட்டை கேட்டு யாரும் வரப்போவதில்லை, துணி வெட்டும் மேசையில் காலையில் அண்ணனிடமிருந்து கூரியரில் வந்த அட்டைக் கப்பல், நானூறு வருஷத்துக்கு முன்னால் கடலில் போனதன் நூற்றில் ஒரு பங்கு. அவனுக்கு ஒரு வியாதி உண்டு, எதை வெட்டினாலும் தையலுக்கென்று கொஞ்சம் விட்டுத்தான் வெட்டுவான், சட்டையென்றால் ஆள் பெருத்தபிறகு பிரித்துக்கொள்ளலாம், கப்பல் எங்கே பெருக்கப்போகிறது... அட்டைக்கும் விட்டுத் தொலைத்தேனா? ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் அண்ணியும் வருகிறார்கள், சேர்ந்து பாய் ஏற்றுவதாக ஏற்பாடு, அதற்குள் இப்படியா மானம் போகவேண்டும்.

போனதே ஒருமுறை போதாதா. தன் மகள் கல்யாணத்துக்கு அண்ணனுக்கு அவன் தைத்துக் கொடுத்த கோட்டு, அத்தனை பேர் பார்க்க அண்ணன் பையிலிருந்து டேப்பை எடுத்து இரண்டு கையையும் அளந்து, இடது கை கால் அங்குலம் நீளம்டா என்றார், சம்பந்தி வீட்டார் சிரித்தார்கள், நில அளவைக்காரர் புத்தி எங்கே போகும், பத்து ஏக்கரில் ஒரு சாண் குறைந்தாலும் தூங்காத மனுஷன், யார் அளந்து கொடுத்தாலும் திரும்ப ஒருமுறை தானே அளந்தால்தான் சோறு இறங்கும். அதற்கப்புறம் இரண்டு வருஷம் பேச்சில்லை. யார் முதலில் பேசுவது? போன வருஷம் திடீரென்று அண்ணனிடமிருந்து கணினியில் இந்தக் கப்பலின் வரைபடம் வந்தது, கூடவே இரண்டே வரி, உடம்பு நான் செய்கிறேன், பாய்மரமும் பாயும் உனக்கு, துணி வேலை தெரிந்தவன்தானே நீ. மன்னிப்பு கேட்கத் தெரியாதவர் கேட்ட மன்னிப்பு அது, அவனுக்குப் புரியாமலா போகும், படித்துவிட்டு அழுதான். அவரவர் ஊரில் அவரவர் அச்செடுத்து ஒட்டினார்கள், போனில் கப்பலைப் பற்றி மட்டும் பேசினார்கள், அதுவே போதுமாயிருந்தது.

பாய்மரத்தை அளந்தான். சரியாக இருந்தது. திரும்ப அளந்தான், மயிரிழை பிசகில்லை, அப்படியென்றால்... துளைக்கும் துளைக்கும் நடுவே ஸ்கேலை வைத்தான், வரைபடத்தில் இருபது சென்டிமீட்டர் இருக்கவேண்டியது பத்தொன்பதுதான் வந்தது. இருக்காது. அண்ணன் எதையும் தூக்கிப் போடாதவர், வெட்டிய மிச்சத் தாள்களையும் ஒரு உறையில் போட்டு அனுப்பியிருந்தார், அதை மேசையில் கொட்டினான். ஒவ்வொரு தாளின் மூலையிலும் ஒரு கோடு உண்டு, பக்கத்திலேயே பத்து சென்டிமீட்டர் என்று எழுதியிருக்கும், தாளுக்குள் அடங்கட்டும் என்று அச்சு மெஷின் தானாகச் சுருக்கிவிட்டால் கண்டுபிடிக்கத்தான் அந்தக் கோடு. அளந்தான். ஒன்பதரை. அடுத்த தாளும் ஒன்பதரை. எல்லாத் தாளிலும் அண்ணனின் பென்சில் டிக், ஆனால் எதுவும் கோட்டின் பக்கத்தில் இல்லை, ஒன்று இரண்டு விரல் தள்ளி, ஒன்று தாளின் ஓரத்தில் பாதி விழுந்து.

முதலில் சந்தோஷம்தான் வந்தது, பொய் சொல்வானேன், ஐம்பத்தேழு வருஷத்தில் முதல்முறையாக அண்ணன் மாட்டினார், ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னாலும் டேப்பை எடுக்கலாம்... அப்புறம் அந்த டிக்குகளைப் பார்த்தான். பார்சலில் விலாசம் அண்ணியின் கையெழுத்து. மூன்று மாதமாக அண்ணன் ஒரு வரி எழுதி அனுப்பவில்லை, எல்லாம் போன்தான். கப்பலின் வயிற்றைத் தடவினான், ஒட்டு ஒன்றுகூடப் பிசகவில்லை, இத்தனை வழவழப்பு கண்ணால் ஒட்டியதா, விரலால் தடவித்தடவி ஒட்டியதா? அண்ணனுக்குக் கண் மங்கிக்கொண்டு வருகிறது. அண்ணன் முகம் சுருங்குவதைப் பார்க்க அவனால் முடியாது, அந்தக் கல்யாணக் கோட்டுக் கையைவிட அது நீளமான வலி. போன் அடித்தது.

"கப்பல் வந்து சேந்துச்சாடா?"

"வந்துச்சுண்ணா. ஒரு மூலைகூட மடங்கல."

"பாய்மரம் உக்காருதா?"

"நச்சுனு உக்காருது."

"மூலையில ஒரு கோடு இருக்குமே, அளந்தியா? எவ்வளவு வருது?"

ஸ்கேல் இன்னும் கோட்டின் மேலேயே கிடந்தது. "பத்துண்ணா."

"கரெக்டா பத்தா?"

"கரெக்டா பத்து."

"ம்... சரி. ஞாயித்துக்கிழமை பாக்கலாம்."

வைத்துவிட்டார். அவனுக்கு உடம்பெல்லாம் லேசானது, என்ன பெரிய வேலை, மூன்று பாய்மரம், பன்னிரண்டு பாய், எல்லாவற்றையும் தொண்ணூற்றைந்து சதவீதத்துக்குச் சுருக்கித் திரும்ப அச்செடுத்தால் ஆயிற்று, நாலு நாள் தாராளம், கப்பல் கொஞ்சம் குட்டையாகிவிட்டதென்று கடலா வந்து கேட்கப்போகிறது. பழைய பாயை நறுக்கிப்போடக் கத்தரிக்கோலை எடுத்தான், பாதி வெட்டில் கை நின்றது. எவ்வளவு வருது... அண்ணன் யாரிடமாவது அப்படிக் கேட்டிருக்கிறாரா? அடுத்தவன் சொன்ன அளவை ஒருநாளும் நம்பாதவர், கோட்டைப் பற்றித் தானே வாயெடுத்துக் கேட்டார். குப்பைக்குப் போகவேண்டிய தாள்களை எதற்காக மெனக்கெட்டு உறையில் போட்டு அனுப்பினார்? தன் கண்ணை நம்பமுடியாமல், ஒருத்தனாவது உள்ளதைச் சொல்லட்டும் என்று தம்பியிடம் அனுப்பினாரோ... அந்த "சரி"யில் இருந்தது நிம்மதியா, இல்லை இவனும் சொல்லமாட்டேன் என்கிறானே என்பதா? ஒரே ஒரு எண்தான் கேட்டார், அதிலும் அரை சென்டிமீட்டர் தையலுக்கு விட்டுச் சொல்லிவிட்டேனே. போனைக் கையில் எடுத்து அண்ணன் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான், ஷட்டருக்கு வெளியே யாரோ சட்டை ஆயிற்றா என்று கேட்டார்கள்.