நாற்பது ஓம்

தம்பியை அடிக்கிற சத்தம் கன்டெய்னர் ஆபீஸுக்கு வெளியே வரைக்கும் கேட்டது. தகரச் சுவரில் அவன் தலை மோதும்போதெல்லாம் டம், டம் என்றது. மீட்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்த அக்காவை வாசலிலேயே நான்கு பேர் மறித்தார்கள். கட்டட சைட்டில் அவளுக்குப் பெயரே மீட்டர்தான். எந்த வண்டியில் எலெக்ட்ரிக் கோளாறு என்றாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். தம்பி அதே சைட்டில் மண் தோண்டும் எக்ஸ்கவேட்டரின் ஆபரேட்டர்.

ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அந்த எக்ஸ்கவேட்டரின் இரும்புக் கை திரும்பி, கம்பி கட்டிக்கொண்டிருந்த ஒருவனைத் தூணோடு வைத்து நசுக்கிவிட்டது. நெஞ்சுக்குக் கீழே ஆள் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. தார்ப்பாய் போட்டு மூடியும் ரத்தம் வெளியே வழிந்து சிமெண்ட் தூசியோடு குழைந்து கிடந்தது. செத்தவனின் அண்ணன்தான் கம்பி வேலை மேஸ்திரி. இப்போது கன்டெய்னருக்குள் கம்பியை ஓங்கிக்கொண்டு நிற்பவனும் அவன்தான்.

காலையில் தண்ணீர்க் குழாயடியில் செத்தவனும் தம்பியும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். "ஒருநாள் வண்டியில வச்சு நசுக்கிருவேன்டா" என்று தம்பி கத்தியதை முப்பது பேர் கேட்டிருந்தார்கள். வாய்க்கொழுப்பு, வேறென்ன! வாயை அடக்கு, வாயை அடக்கு என்று அக்கா தலைபாடாக அடித்துக்கொண்டவள்தான். போலீஸைக் கூட்டி வருகிறேன் என்று காரில் ஏறிய மேனேஜரோ போனவர் போனவர்தான்.

"நான் திருப்பலக்கா. லீவரை விட்டுட்டேன். அது பாட்டுக்குத் திரும்பிச்சு." தம்பியின் முன்பல் இரண்டைக் காணோம். பேசப் பேச ரத்தம் சட்டையில் ஒழுகியது.

"அது பாட்டுக்குத் திரும்புமா? வண்டிக்கு என்ன பேயா புடிச்சிருக்கு?" மேஸ்திரி அவன் முழங்காலில் ஓங்கிப் போட்டான். எலும்பு முறிகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. தம்பி போட்ட அலறலில் அக்கா, மறித்தவர்களின் கைக்கு மேலே எக்கிக் கத்தினாள்.

"அடிக்காதீங்கண்ணே! நான் பாத்துச் சொல்றேன். வண்டியில கோளாறுன்னா உங்க கண்ணு முன்னால காட்டுறேன்."

"கோளாறு இல்லேன்னா?"

மேஸ்திரி கம்பியால் தம்பியின் தலையைத் தொட்டுக் காட்டினான்.

"இல்லேன்னா இவன் மண்டையை அதே தூண்ல வச்சு உடைப்பேன். நீ நின்னு பாக்கணும்."

தம்பியைத் தரதரவென்று இழுத்து வந்து வண்டிக்குச் சக்கரமாக ஓடும் இரும்புச் செயினோரம் போட்டார்கள். அக்கா பேட்டரி ஸ்விட்சை அணைத்துவிட்டு கேபினுக்குள் ஏறினாள். மேஸ்திரியும் கம்பியோடு பின்னாலேயே ஏறினான். வண்டிக்குள் இருக்கும் பெட்டிகள் எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது, மஞ்சளும் பச்சையும் முறுக்கிய இரண்டு ஒயர் வழியாகத்தான். அந்த ஒயரின் இரண்டு நுனியிலும் மின்தடைக்கென்று ஒவ்வொரு ரெசிஸ்டர் இருக்கும். குறுக்கே மீட்டரை வைத்தால் அறுபது ஓம் காட்ட வேண்டும். நூற்றிருபது காட்டினால் ஒன்று போய்விட்டது. அறுபதுக்குக் குறைந்தால் எவனோ ஒன்றைக் கூடுதலாக மாட்டியிருக்கிறான்.

மீட்டர் நாற்பது காட்டியது.

அப்பாடா, தம்பி பிழைத்தான் என்று ஒரு கணம் நினைத்தாள். அடுத்த கணம் அவளுக்கு உறைத்தது. அந்தக் கூடுதல் எங்கே இருக்கும் என்று தேட வேண்டிய வேலையே இல்லை. மூன்று வாரத்துக்கு முன் கேபின் திரையை, அந்த டிஸ்ப்ளேயை, மாற்றியவள் அவள்தான். புது டிஸ்ப்ளேக்குள்ளேயே ரெசிஸ்டர் உண்டு. பழையதற்காக ஒயர் நுனியில் சொருகியிருந்த சின்ன ரெசிஸ்டர் பிளக்கைப் பிடுங்கிப் போட்டிருக்க வேண்டும். அன்றைக்கு மேனேஜர் கீழே நின்று, வண்டியை எத்தனை நேரம் படுக்கப் போடுவாய் என்று காட்டுக்கத்தல் கத்த, அவரோடு மல்லுக்கட்டிக்கொண்டே மூடியைப் போட்டு இறங்கிவிட்டாள். பாவி!

மூடியைக் கழற்றினாள். பிளக் இருந்தது.

"பாருங்கண்ணே. அறுபது இருக்கணும், நாப்பது இருக்கு. இது கூடுதலாக் கெடக்கறதால சில நேரம் சேதி நடுவழியில கெட்டுப்போகுது. தம்பி லீவரை விட்டதும் 'நில்லு'ன்னு போன சேதி போய்ச் சேரல. புது வண்டின்னா சேதி வரலேன்னாலே நின்னுரும். இது பழசு, கடைசியாக் கேட்டதையே செஞ்சுக்கிட்டிருக்கும்." பிளக்கைப் பிடுங்கினாள். அறுபது.

"சொருகு."

நாற்பது.

"எடு."

அறுபது. மேஸ்திரி அவளை இடித்துத் தள்ளிவிட்டுத் தன் கையாலேயே நாலைந்து தடவை சொருகிப் பிடுங்கிப் பார்த்தான்.  பிளக்கைக் கையில் மூடிக்கொண்டு கீழே இறங்கினான். அவளும் இறங்கினாள்.

"சரி. இதை எடுக்காம விட்டது எவன்?"

கம்பெனியிலிருந்தே இப்படித்தான் வந்தது என்று சொல்லிவிட்டால் போதும். இந்தக் கூட்டத்தில் யாருக்கு என்ன தெரியும்? சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தும்விட்டாள். அதற்குள் கீழே கிடந்த தம்பி முந்திக்கொண்டான். டிஸ்ப்ளே மாற்றிய அன்று மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் அவன்; பிளக்கை எடுக்காமல் விட்டது யார் என்று அவனுக்கும் தெரியும்.

"அக்கா பொய் சொல்லுது. வண்டியில ஒண்ணுமில்ல. நான்தான் வேணும்னே திருப்புனேன்."

மேஸ்திரியின் கம்பி மேலே போயிற்று.

"ஐயோ, அவன் இல்லண்ணே! நான்! நான்தான் எடுக்காம விட்டேன். மறந்துட்டேன்!"

கம்பி அந்தரத்தில் நின்றது. மேஸ்திரி அவளைத் திரும்பிப் பார்த்தான்.

"மறந்துட்டியா?" சத்தமில்லாமல் கேட்டான். "என் தம்பிக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க. மூத்தது இப்பதான் பேச ஆரம்பிச்சிருக்கு. மறந்துட்டியா?"

 அவள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"எந்தக் கையால வேலை பாத்த?"

சுற்றி நின்ற முப்பது பேரும் இரண்டடி பின்னால் நகர்ந்தார்கள். தம்பி உடைந்த காலை இழுத்துக்கொண்டு, வேணாம்க்கா, வேணாம்க்கா என்று அவள் பக்கம் தவழ்ந்தான். அவள் வலது கையை வண்டியின் செயின் மேல் வைத்தாள்.

முதல் அடியிலேயே மணிக்கட்டு போயிற்று. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.