பெரியவளுக்குப் புகைந்த வருஷங்கள்

தையல்காரரின் மனைவிக்கு முதன்முதலாகப் புகைந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு. பின்கழுத்தில், கொண்டைக்குக் கீழே, நீல நிறத்தில் மெல்லிய கோடாக எழும்பி, தலைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் நின்று யோசித்துவிட்டு, இடுப்புயரச் சுவரைத் தாண்டிப் பக்கத்துக் கொல்லைக்குப் போனது. முன்னறைக் கடையில் காஜா எடுத்துக்கொண்டிருந்த தையல்காரர் வாடை பிடித்து, இஸ்திரிப் பெட்டி யாருடைய கால்சட்டையையோ தின்றுவிட்டது என்று பயந்து, தைத்து அடுக்கியிருந்ததையெல்லாம் உதறிப் பார்த்தார். ஒன்றும் கருகவில்லை. கொல்லைக்கு வந்தால், மனைவி துணி வாளியில் கையை விட்டபடி அசையாமல் நிற்கிறாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய தம்பி மனைவி, பதின்மூன்று முட்டை அடைகாத்துப் பதின்மூன்றையும் பொரித்திருந்த கோழியை, குஞ்சுகளோடு வெயிலில் விட்டிருந்தாள். மருந்துக்கடைக்காரர் வந்து காய்ச்சல் பார்த்தார். காய்ச்சல் இல்லை. "புகைதான் வருது, தீ இல்லை. தண்ணி நிறைய குடிங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணன் தம்பி இருவருக்குமாக இருந்த வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்து அப்போது நாலு வருஷம் ஆகியிருந்தது. இந்தப் பாதியில் தையல்காரரும் பெரியவளும். அந்தப் பாதியில் சின்னவள் தனியாக. தம்பி கப்பலில் இன்ஜின் பார்க்கிறவர். வருஷத்துக்கு ஒரு தடவை வருவார், இருபது நாள் இருப்பார், பாதி நாள் தூங்குவார். ஓரகத்திகள் இருவரும் ஒரே மாதத்தில், ஒரே கூடைக்காரியிடம், ஆளுக்கு ஐந்து கோழியும் ஒரு சேவலும் வாங்கி வளர்க்க ஆரம்பித்தார்கள். பெரியவள் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. நாலு கால் வைத்துத் தரையிலிருந்து முழ உயரத்தில் கூடு அடித்தாள். பாம்பு ஏறாமல் இருக்கக் கால்களுக்குத் தகரம் சுற்றினாள். கீரி தோண்டாமல் இருக்கக் கம்பிவலையை மண்ணுக்குள் ஒரு முழம் புதைத்தாள். வாரம் ஒருமுறை சுண்ணாம்பு தெளித்து, உமியைக் கிளறிக் காயவிட்டு, காய்ச்சி ஆறின தண்ணீரைத்தான் கிண்ணத்தில் ஊற்றினாள். குஞ்சு பொரித்த ஏழாம் நாள் கண்ணில் சொட்டு மருந்து, எட்டாவது வாரம் றெக்கையில் ஊசி, எல்லாம் தேதி தவறாமல் நடந்தது. சின்னவளோ கதவு போன பழைய பீரோவைக் கொல்லையில் ஒருக்களித்துச் சாய்த்து, வாய்க்கு ஒரு சாக்கைத் தொங்கவிட்டாள். அவ்வளவுதான் அவளுடைய கோழிக்கூடு. சொட்டு மருந்து போட வேண்டிய அன்றைக்குக் கடைத்தெருவுக்குப் போய்விடுவாள்.

பெரியவளின் முதல் கோழியைப் பருந்து கொண்டுபோனது, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. இரண்டாவதையும் மூன்றாவதையும், வலையைச் சுற்றிக்கொண்டு எப்படியோ நுழைந்த கீரி கடித்துப் போட்டுவிட்டுப் போனது. மிச்சமிருந்தவை பொரித்த குஞ்சுகளுக்குக் கொசுக்கடியில் அம்மை போட்டு, கண் ஒட்டி, தீனி தெரியாமல் செத்தன. திரும்ப வாங்கினாள், திரும்பப் போனது. அந்தப் பக்கமோ ஆறு பதினொன்றாகி, பதினொன்று இருபத்து மூன்றாகி, பீரோவில் இடம் போதாமல் கோழிகள் கிணற்றுக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து முட்டையிட்டன. அதில் ஒன்றுக்குச் சளி பிடித்ததாகக்கூட யாரும் கேள்விப்படவில்லை. "என்னக்கா பண்றது, வைக்கிற முட்டையெல்லாம் பொரிச்சிடுதே" என்று சின்னவள் அலுத்துக்கொள்வாள். அந்த அலுப்புத்தான் பெரியவளுக்குத் தாங்காது. உடனே கழுத்தில் சுருசுருவென்று புகை கிளம்பிவிடும்.

நாளாக ஆகத் தெருவில் அது பழகிப்போனது. காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் பெரியவளின் புகை சின்னவளின் கொல்லைக்குத்தான் போனது. மாலை ஆறு மணிக்குச் சின்னவள் கோழிகளை எண்ணுகிறபோது அதிகமாக வரும். கருத்த புடவைகள் வாடையை இழுத்துக்கொள்ளும் என்பதால் பெரியவள் வெளிர் நிறங்களுக்கு மாறினாள். கல்யாண வீடுகளில் அவளைச் சன்னல் ஓரமாக உட்காரவைத்தார்கள். அவளாக யாரிடமும் எதுவும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. வயிற்றெரிச்சலை மறைத்துக்கொண்டு சிரிக்கிற வசதி தனக்கு மட்டும் இல்லாமல் போயிற்றே என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே வருத்தம்.

கால்நடை ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிறவரைத் தெருவில் கோழி டாக்டர் என்பார்கள். மூன்றாம் வருஷம் அவர் ஐஸ் பெட்டியோடு வந்தபோது பெரியவளிடம் நாலு கோழிதான் இருந்தது. ஊசி போட்டுவிட்டுச் சுவரில் கையூன்றி அந்தப் பக்கம் வெகுநேரம் பார்த்தார். ஒரு கீரி வேலிக்குள் தலையை நீட்டி, புகையில் இரண்டு தும்மல் தும்மிவிட்டு வந்த வழியே போவதைப் பார்த்தார். மேலே வட்டமடித்த பருந்து, மங்கலில் குஞ்சு எது கல் எது என்று தெரியாமல் விலகிப் போவதைப் பார்த்தார். ஒரு கொசுகூட அவர் கையில் உட்காரவில்லை. "அம்மா, நீங்க போடற சொட்டு மருந்தைவிட உங்க புகை நல்ல மருந்து. ஆனா அது அவங்களுக்குத்தான் வேலை செய்யுது" என்றார். அதைக் கேட்டதும் வந்த புகையில் கோழி டாக்டருக்கு வழி தெரியவில்லை. தையல்காரர்தான் கையைப் பிடித்து வாசல்வரை கொண்டுவிட்டார்.

மூன்று வருஷமாகத் தன் வயிற்றெரிச்சலைத் தின்றுதான் அந்தக் கோழிகள் கொழுத்திருக்கின்றன என்பதை அவளால் ஜீரணிக்க முடியவில்லை. இனிமேல் பொறாமைப்படுவதில்லை என்று, பொறாமை தாங்காமல் முடிவெடுத்தாள். கொல்லைக் கதவைச் சாத்திப் பார்த்தாள்; சேவல் கூவுவது கேட்டது. காதில் பஞ்சு வைத்தாள். கூவல் நின்றது, நினைப்பு நிற்கவில்லை. கடைசியில் பஸ் ஏறித் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். தங்கை வீட்டில் கோழி இல்லை. பார்த்துப் பொறாமைப்பட அங்கே வேறு எதுவும் இருந்ததாகவும் அவளுக்குத் தோன்றவில்லை. இரண்டாம் நாளே கழுத்து குளிர்ந்துவிட்டது. அங்கே ஒன்பது நாள் இருந்தாள்.

திரும்பி வந்த அன்று காலை கொல்லைக்குப் போனால், அந்தப் பக்கம் ஒரே அமைதி. ஒன்பது நாளில் கீரி பட்டப்பகலில் பதினாறைக் கடித்திருந்தது. பருந்து வரிசையில் வந்து வாங்குவதுபோலக் குஞ்சுகளை எடுத்துக்கொண்டு போயிருந்தது. மிச்சமிருந்த ஏழில் ஐந்துக்கு முகமெல்லாம் அம்மைக் கொப்புளம். சின்னவள் ஒரு கோழியை மடியில் போட்டு, ஊதா நிற மருந்தைப் பஞ்சில் நனைத்து அதன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் விரலெல்லாம் ஊதா. பெரியவளுக்கு முதலில் ஒரு நிமிஷம் இனித்தது. அதை அவள் பிற்பாடும் யாரிடமும் மறைக்கவில்லை. அப்புறம் இனிக்கவில்லை.

"அக்கா, ஒண்ணு கேப்பேன். திட்டக் கூடாது."

"கேளு."

"கொஞ்சம் பொறாமைப்படுங்களேன்."

பெரியவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "அது என்ன குழாய்த் தண்ணியா, திருகினா வர்றதுக்கு? எதைப் பாத்துப் படச் சொல்ற, செத்த கோழியையா?"

சின்னவள் எழுந்து உள்ளே போய், புருஷன் கப்பலிலிருந்து அனுப்பிய கைக்கடிகாரத்தைக் கொண்டுவந்து காட்டினாள். ஒன்றும் வரவில்லை. தலையை அவிழ்த்துப்போட்டு, தனக்கு இன்னும் ஒரு நரைமுடிகூட இல்லை என்றாள். அதற்கு ஒரே ஒரு சுருள் எழும்பி அணைந்தது. சின்னவள் அலுத்துப்போய் தொப்பென்று தரையில் உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு என்னக்கா குறை. மத்தியானம் ஒரு மணிக்கு உங்க பக்கம் ரெண்டு தட்டு சத்தம் கேக்கும். அவர் ஏதோ சொல்லுவார், நீங்க சிரிப்பீங்க. நான் இந்தப் பக்கம் சாப்பிடாம சுவத்துல காதை வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். சுவர் வச்ச நாள்லேருந்து உக்காந்திருக்கேன். ஒரு நாள்கூட என்ன சொன்னார்னு சரியாக் கேட்டதில்லை."

"அவர் என்ன பெருசா சொல்லிடுவார்? யாருக்கு இடுப்பு எத்தனை இஞ்சு ஏறியிருக்குன்னு சொல்லுவார்."

"அதையாவது சொல்றாரே" என்றாள் சின்னவள். சொல்லும்போதே அவளுடைய காதுக்குப் பின்னாலிருந்து புகை வந்தது.

அது வெள்ளைப் புகை. வெளுத்துக் காயப்போட்ட மல்லுத்துணிபோல மடிப்பு மடிப்பாக எழுந்து சுவரேறி இந்தப் பக்கம் இறங்கியது. மழையில் நனைந்த விறகை அடுப்பில் வைத்த மாதிரி ஒரு வாசனை. பெரியவள் தன் வாழ்நாளில் அதுவரை யாரும் தன்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டு அறியாதவள். அந்தப் புகை முகத்தில் பட்டபோது ஒரு கணம் ராணிபோல இருந்தது. அடுத்த கணம் அவள் அதன் நிறத்தைப் பார்த்தாள். வாசனையை இழுத்துப் பார்த்தாள். தனக்கு வருவது இஸ்திரியில் கருகின துணியின் நாற்றம். இவளுக்கு வருவது இப்படி. முட்டையிலும் இவளுக்கே, முடியிலும் இவளுக்கே, கடைசியில் பொறாமையிலுமா? பெரியவளின் பின்கழுத்திலிருந்து நீலம் குபுகுபுவென்று பீறிட்டது. "வந்துட்டுதுக்கா, வந்துட்டுது!" என்று சின்னவள் கைதட்டினாள். "சும்மா இரு" என்றாள் பெரியவள், இருமிக்கொண்டே.

அடுத்த மாதம் ஊர்க் கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் நோய் வந்தது. சந்தையிலிருந்து கிளம்பி, பால் டிப்போ தெருவை இரண்டு நாளில் முடித்து, பள்ளிக்கூடத் தெருவில் நூற்றுப் பத்துக் கோழிகளைக் கழுத்து முறுக்கிச் சாய்த்துவிட்டு, இவர்கள் தெரு முனைக்கு வந்தது. ஓரகத்திகள் ஆளுக்கொரு முக்காலியைச் சுவரடியில் போட்டு உட்கார்ந்தார்கள். நீலம் அங்கே போனது, வெள்ளை இங்கே வந்தது. பதினோரு நாள், விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும்வரை, சாப்பாட்டு வேளையில்கூட எழுந்திருக்கவில்லை. தையல்காரர் தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைக்கே வந்து, இஞ்சுக் கணக்கைச் சின்னவளுக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னார். அவள் சிரித்தாள். பெரியவளுக்கு அதற்கும் புகைந்தது. நோய் இரண்டு கொல்லைகளையும் சுற்றிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனது. அதன் பிறகு ஒட்டின கண்ணும் தொங்கின றெக்கையுமாக ஊர்க் குஞ்சுகள் கூடை கூடையாக வந்தன. அவற்றைச் சுவர்மேல் வரிசையாக வைத்து, நடுவில் இவர்கள் புகைந்தார்கள். பிழைத்தவை யார் புகையில் பிழைத்தன என்பதில் தினமும் சண்டை வந்தது. கோழி டாக்டர் மாதம் ஒருமுறை வந்து, எண்ணிக்கையை எழுதிக்கொண்டு, ஊசி போடாமல் திரும்பினார்.

கப்பல்காரர் வேலையை விட்டு ஒரேயடியாக வீடு திரும்பியபோது மேலும் இரண்டு வருஷம் போயிருந்தது. இனிச் சின்னவளுக்குப் புகையாது, கோழிகள் அவ்வளவுதான் என்று தெருவில் கவலைப்பட்டார்கள். அவர் பெட்டியைக் கூடத்தில் வைத்துவிட்டு, ஆளைக் காணாமல் கொல்லைக் கதவைத் திறந்தார். எண்பது கோழி மேய்ந்துகொண்டிருந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் அண்ணி நீலமாகவும் அந்தப் பக்கம் மனைவி வெள்ளையாகவும் புகைந்துகொண்டிருந்தார்கள்.

"என்ன இது?" என்றார்.

"ஒண்ணுமில்லைங்க. அக்காவுக்கும் எனக்கும் கொஞ்சம் பொறாமை. கோழிக்கு நல்லது."

அவர் இரண்டு தடவை இருமினார். பிறகு படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிவிட்டு, சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்டார்.