மைத்தேயின் ஐம்பத்தொரு மணி நேரம்

செவ்வாய்க்கிழமை காலை மைத்தே இரிபார்னே ஆறு மணிக்கு எழுந்தாள், இரண்டு முட்டை வேகவைத்தாள், ஒன்றைத் தின்றுவிட்டு மற்றதைக் கணவன் வெண்டலுக்கு வைத்தாள், ரீனோ நகரின் விர்ஜினியா தெருவில் ஒன்பது சூதாட்ட விடுதிகளைச் சுற்றி வந்தாள், ஆற்றுப் பாலத்தை ஒட்டிய விடுதியில் போக்கர் மெஷின் முன் உட்கார்ந்தாள், ஒன்பது பத்துக்கு இறந்தாள், அடுத்த ஆட்டத்தை ஆடினாள். இந்த வரிசையைப் பற்றி நகரத்தில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. தொண்ணூற்று மூன்றாம் வருடம், மார்ச் மாதம், மலையில் இன்னும் பனி இருந்தது.

மெஷின் ஐந்து சீட்டு தரும், வேண்டியதைப் பிடித்துக்கொண்டு மற்றதை எறிந்தால் புதுச் சீட்டு வரும். அந்த விடுதியில் கால் டாலர் மெஷின்கள் ஆறுக்கும் சேர்த்துத் தலைக்கு மேலே ஒரே ஒரு எண் ஓடும். அதுதான் பரிசு. ஒரே இனத்தில் பத்து, ஜாக்கி, ராணி, ராஜா, ஏஸ் என்று ஐந்தும் யாருக்காவது சேரும் வரை, போடுகிற ஒவ்வொரு காசுக்கும் அது கொஞ்சம் ஏறிக்கொண்டே போகும். ஒரு எல்லைக்குக் கீழே மெஷின் ஆளைத் தின்னும், மேலே போனால் ஆள் மெஷினைத் தின்னலாம். அந்த எல்லை எது என்று ஊரில் பாதிப் பேர் குத்துமதிப்பாகச் சொல்வார்கள். கணிதம் படித்த மைத்தே ஒவ்வொரு வகை மெஷினுக்கும் டாலர் சுத்தமாகச் சொன்னாள். பாலத்தடி மெஷினுக்கு இரண்டாயிரத்து நூற்று அறுபத்தாறு. எண் அதைத் தாண்டிய காலையில் தன் ஆட்கள் ஐந்து பேரையும் கூப்பிட்டு ஆறு நாற்காலிகளையும் பிடித்துவிடுவாள். நான்கு வருடத்தில் அவள் குழுவுக்கு அந்த ஐந்து சீட்டும் பதினோரு முறை சேர்ந்தன. அவள் நாற்காலியில் ஒருமுறைகூட இல்லை.

"ஊருக்கெல்லாம் விருந்து வைக்கிறா, இவ தட்டு மட்டும் காலி" என்பார் அடுத்த நாற்காலி ஃப்ளாய்ட். ரயில்வேயில் பிரேக்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர்.

"கணக்கு சரியா இருந்தா தட்டு தானா வரும் கிழவா. வாயை மூடிட்டு காசைப் போடு" என்பாள்.

அன்று பதினோரு மணிக்கு ஃப்ளாய்ட் சூயிங்கம் நீட்டி, அவள் வாங்காததால் கையைத் தொட்டுப் பார்த்தார். இரண்டு மணி நேரம் கவனிக்காததற்காக யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. எண் ஏறியிருக்கும் மெஷினில் பக்கத்து ஆளின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை, எல்லோரும் மேலேதான் பார்ப்பார்கள். டாக்டர் வந்தார், மூளையில் ஒரு நாளம் வெடித்தது என்று எழுதிக் கையெழுத்திட்டார், அவள் கையைப் பொத்தானிலிருந்து எடுக்கப் பார்த்தார். அது வரவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் ஒரு ஜோடி எட்டைப் பிடித்து மூன்றாவது எட்டை வாங்கினாள். ஆட்டம் முடிந்ததும் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு டாக்டர் போய்விட்டார்.

வெண்டல் உயர்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியர். கல்யாணமாகி ஆறு வருடத்தில் அந்த விடுதிக்குள் அவர் கால் வைத்ததே இல்லை. மனைவி செய்வது சூதாட்டம் என்பது அவர் எண்ணம். அவர் வந்தபோது விடுதியின் மேலாளர் கிராண்டல் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தார்.

"கூட்டிட்டுப் போயிடுங்க சார். ஜனங்க பாக்குறாங்க."

"ஒருத்தனும் பாக்கல, அவனவன் நம்பரைப் பாக்குறான்" என்றார் ஃப்ளாய்ட். "சூதாட வயசு இருபத்தொண்ணு, அவளுக்கு ஆயிடுச்சா? ஆயிடுச்சு. குடிச்சிருக்காளா? இல்ல. மெஷினை உதைச்சாளா? இல்ல. அப்புறம் எந்த விதியில தூக்கச் சொல்றே?"

கிராண்டல் உள்ளே போய் விதிப் புத்தகத்தை முழுதாகப் படித்துவிட்டு வந்தார். "விதி இல்ல. ஆனா காசு தீர்ந்துச்சோ, கை நின்னுச்சோ, நாற்காலி போயிடும்."

பின்னால் வேறு குழுவினர் மூன்று பேர் அதற்காகவே காத்திருந்தார்கள். வெண்டல் மேலே பார்த்தார். இரண்டாயிரத்து நானூற்று முப்பது. எத்தனைக்கு மேல் லாபம் என்று கேட்டார். ஃப்ளாய்ட் சொன்னார். வெண்டல் கோட்டைக் கழற்றினார், கால் டாலர் காசுகளைக் காகிதத்தில் சுற்றிய உருளைகள் வாங்கி வந்தார், அவள் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

மாலை ஆறு மணிவாக்கில் எண் இரண்டாயிரத்து எழுநூறைத் தாண்டியது. அதுவரை இரண்டு ஜோடி வந்தால் பிடித்து வைத்துக்கொண்டிருந்தவள், அப்போது இரண்டு ராஜா, இரண்டு ராணி, ஒரு ஏஸ் வந்ததும், ஒரே இனத்து மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் எறிந்தாள். "போச்சு, கை தப்பிடுச்சு" என்று பின்னாலிருந்து ஒருவன் சிரித்தான். வெண்டல் பென்சிலை எடுத்து உருளைக் காகிதத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். பரிசு அந்த அளவு பெருத்த பிறகு அதுதான் சரியான ஆட்டம். மறுபடி போட்டுப் பார்த்தார். விடை மாறவில்லை. முக்காலியோடு திரும்பி, தாளை அந்த ஆளின் மடியில் வைத்தார். "என் பொண்டாட்டி" என்றார்.

குழுவில் மற்றவர்கள் முறை மாற்றிக்கொண்டு தூங்கப் போனார்கள். அவள் போகவில்லை. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்டங்களில் ஒரு சீட்டைக்கூட அவள் தவறாக எறியவில்லை. வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு பத்துக்கு, எண் நாலாயிரத்து ஐந்நூற்று எண்பதில் இருந்தபோது, டைமண்டில் ஐந்தும் சேர்ந்து மணி அடித்தது. கிராண்டல் வரிப் படிவத்தைக் கொண்டு வந்தார். மைத்தே தெளிவான எழுத்தில் கையெழுத்திட்டாள். அதன் பிறகே கை பொத்தானை விட்டது. குழுவினர் ஐந்து பேரும் வெண்டலும் எழுந்து நின்று கைதட்டினார்கள். காத்திருந்த மூன்று பேரும் தட்டினார்கள்.

அதற்குப் பிறகு ரீனோவில் எல்லை தாண்டிய மெஷினில் இறப்பவர்களை, யாருக்காவது பரிசு விழுந்து எண் திரும்ப ஆயிரத்துக்கு இறங்கும் வரை யாரும் தொடுவதில்லை. இதுவரை நான்கு பேர். ஒருவரும் ஒரு பகல் தாண்டவில்லை, இரண்டு பேர் சீட்டைத் தப்பாக எறிந்தார்கள். ஐம்பத்தொரு மணி நேரம் என்பது அவளுடையதாகவே இருக்கிறது.

மணி அடித்தபோது அவள் "பாத்தியா கிழவா" என்றாள் என்று ஃப்ளாய்ட் சொல்லிக்கொண்டு திரிந்தார். அது உண்மையில்லை, இறந்த பிறகு அவள் பேசவில்லை. கடைசியாகப் பேசியது செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்கு முன்னால், விடுதி வாசலிலிருந்த காசுப் போனில், பள்ளிக்கூடத்திலிருந்த வெண்டலிடம்:

"ரெண்டாயிரத்து முந்நூறு ஓடுது வெண்டல், கணக்கு நம்ம பக்கம். நான் இப்போதைக்கு எழுந்திரிக்க மாட்டேன், நீ சாப்பிட்டுடு."