அரை மில்லிமீட்டர்

ஆறு மணிக்கு எழுந்தான். பால் காய்ச்சினான். ஒரு டம்ளர் காபி போட்டான். இரண்டு போட்டுப் பழகிய கை, நான்கு மாதத்தில் ஒன்றுக்கு இறங்கியிருந்தது. குளித்தான். பேருந்து ஏறினான். எட்டரைக்குத் தொழிற்சாலை.

மூச்சுத் திணறுகிறவர்களுக்கான ஆக்ஸிஜன் இயந்திரமும் குழாயும் அங்கே செய்கிறார்கள். அவன் வடிவமைப்புப் பொறியாளன். ஆறு வருடத்துக்கு முன் இயந்திரத்தின் முனையை அரை மில்லிமீட்டர் ஒடுக்கச் சொன்னவன் அவன்தான். வேறு கம்பெனிக் குழாய் மாட்டினால் கழன்றுவிடும்; வாங்கினவன் சாகும்வரை நம் குழாயையே வாங்க வேண்டும். அன்று முதுகில் தட்டிக்கொடுத்தார்கள்.

இப்போது ஐந்து போட்டிக் கம்பெனிகள் சேர்ந்து, எல்லார் குழாயும் எல்லார் இயந்திரத்திலும் பொருந்த ஒரே அளவு எழுதுகின்றன. அவனும் அந்தக் குழுவில் இருந்தான். அந்த அரை மில்லிமீட்டரைத் திரும்ப எடுக்க அவனுக்கு இருந்த ஒரே வழி அதுதான். அதற்குத்தான் அன்று முதலாளி முற்றுப்புள்ளி வைக்கக் கூப்பிட்டார். முனை வார்க்கும் அச்சுகளைச் செய்யும் பட்டறையின் மேஸ்திரியும் இருந்தார்.

"வாரத்துக்கு ரெண்டு நாள் உன்னை அனுப்புறேன், சோதனைக்கூடத்தையும் திறந்து விடுறேன். எதுக்கு? ஊரான் பிள்ளைய ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானா வளரும்னு கதை சொல்லாதப்பா. அது கொழுத்துட்டு வந்து நம்ம பிள்ளையத்தான் மொத்தும்."

அவனிடம் ஒரு பதில் இருந்தது. வீட்டில் மனைவியின் குழாய் கிழிந்த ஞாயிற்றுக்கிழமை. மருந்துக்கடையில் கிடைத்த வேறு குழாய். கழலக் கழல அவன் டேப் சுற்றியது. அதைச் சொன்னால் முதலாளி மறுக்க மாட்டார். ஆனால் அவளை இந்த மேஜைமேல் எடுத்து வைக்க வாய் வரவில்லை.

மேஸ்திரிதான் வாயைத் திறந்தார். "போன வாரம் தம்பியைக் குழுக் கூட்டத்துக்குப் போக வேண்டாம்னு நிறுத்தினீங்களே, அன்னிக்கு அவங்க என்ன எழுதினாங்கன்னு கேளுங்க."

அவன் வரைவை நீட்டினான். "முனை நீளம் ஒன்பது மில்லிமீட்டர்னு போட்டுட்டாங்க சார். நம்மது பன்னிரண்டு."

"இருந்துட்டுப் போகட்டுமே."

"இருந்துட்டுப் போனா நம்ம முப்பது அச்சும் பேரீச்சம்பழத்துக்குத்தான்," என்றார் மேஸ்திரி. "காலி நாற்காலியப் பார்த்தா பக்கத்துல இருக்கிறவன் காலை நீட்டத்தான் செய்வான். ஆஸ்பத்திரிக்காரங்க நாளைக்கு அந்தத் தாளை வெச்சுத்தான் வாங்குவாங்க."

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். "ஆட்சேபம் எழுத எப்ப கடைசி?"

"நாளைக்கு."

"அப்புறம் என்ன இங்க உக்காந்து அரட்டை? நீளத்துக்கு யாரு நம்ம பக்கம் கை தூக்குவா?"

"மூணு பேர் தூக்குவாங்க. ஆனா அந்த அரை மில்லிமீட்டரை நாம விட்டுக்கொடுக்கணும்."

"அச்சு?"

"கடைஞ்சு பெருசாக்கறது நாலு நாள் வேலைங்க," என்றார் மேஸ்திரி. "குறைக்கிறதுதான் ஆகாது."

"எந்தப் புத்திசாலி அன்னிக்கு அதை ஒடுக்கச் சொன்னான்?"

"நான்தான் சார்."

முதலாளி சிரித்துவிட்டார். "கட்டினவனே அவுத்து விடு. போ."

வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்தான். மூச்சு பல நாளுக்குப் பிறகு அடிவயிறு வரை போய் வந்தது. காரியம் முடிந்துவிட்டது, அவளைச் சாட்சிக்கு இழுக்கவும் இல்லை.

அந்த டேப் அன்று தாங்கியது. அதற்குப் பிறகு ஒன்பது நாள் இருந்தாள். போனது இதயம் நின்று, குழாயால் அல்ல. டாக்டர் அதை இரண்டு முறை சொல்லியிருந்தார். இன்றுதான் அது காதில் ஏறியது.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்டார்கள். "உடம்பைப் பார்த்துக்கச் சொன்னா" என்றே அத்தைக்கும் மச்சினனுக்கும் சொல்லிவைத்திருந்தான். அவள் அப்படிச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில், தள்ளுகட்டிலில் படுத்தபடி அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"லூசு, சட்டைய உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி மாட்டியிருக்க. போய் மாத்திட்டு வா, நர்ஸ் சிரிக்குது."