ஒவ்வொன்றாகக் கேட்ட திரை

மதியம் மூன்று மணி. லிஃப்ட் பராமரிப்பு நிறுவனத்தின் பின்னறையில், கணினி முன்னால் ஆபரேட்டர் பெண் உட்கார்ந்திருந்தாள். நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி மேனேஜர் நின்றார். அவளுக்கு எழுந்து போக வழியில்லை. ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் அவருடைய தொப்பை.

“நாலு மணிக்கு அரசாங்கத்துலேருந்து ஆய்வுக்கு வர்றாங்க. பழுது அறிக்கை எல்லாத்தையும் மொத்தமா தூக்கிடு. சாயங்காலக் கம்ப்யூட்டர் வகுப்புல கத்துக்கிட்டேன்னியே, அந்தக் கறுப்புத் திரையில ஒரு வரி தட்டினா போதுமாமே?”

“அதுல குப்பைத்தொட்டி கிடையாது சார். போனா போனதுதான்.”

“அதுதாம்மா எனக்கு வேணும்.”

அவளுடைய தற்காலிக வேலை இந்த மாதத்தோடு முடிகிறது. நிரந்தரமாக்கக் கையெழுத்துப் போட வேண்டியவர் இவர்தான். வீட்டில் கணவனுக்கு வேலை போய் எட்டு மாதம். மாட்டேன் என்று அவளால் சொல்ல முடியவில்லை.

அழிப்பதற்கு முன் பட்டியல் பார்க்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். ‘பழுது’ என்ற கோப்புறையில் இருந்த கோப்புகளை மட்டும் கேட்டாள். இருநூற்றுப் பதினான்கு வரிகள் சரசரவென்று ஓடின. அறிக்கைகளை எழுதும் மெக்கானிக்குக்குக் கோப்புக்குப் பெயர் வைக்கத் தெரியாது. புகார் முழுவதையும் பெயராகவே எழுதிவிடுவார்.

“என்னம்மா, கதைப் புஸ்தகமா படிக்கிற? அழி.”

அழிக்கும் கட்டளையை அடித்தாள். கூடவே, ஒவ்வொரு கோப்புக்கும் கேட்டுக் கேட்டு அழிக்கச் சொல்லும் எழுத்தையும் சேர்த்தாள். செய்வது சரியா என்று அவளுக்கே தெரியவில்லை.

“கொஞ்சம் தள்ளுங்க சார். நீங்களே உட்காருங்க. அது கேக்கும். ஆமான்னா இங்கிலீஷ் எழுத்து ‘ஒய்’, வேணாம்னா ‘என்’. நான் அழுத்தமாட்டேன்.”

“பெரிய மகாராணி இவ!” முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார்.

‘துணிக்கடை, உள்விளக்கு எரியவில்லை. அழிக்கவா?’ ஒய் அழுத்தினார்.

‘வங்கி, இரண்டாம் மாடி, கயிற்றில் சத்தம். அழிக்கவா?’ ஒய்.

‘பிரசவ மருத்துவமனை, மூன்றாம் மாடி, கதவு திறந்தது, லிஃப்ட் வரவில்லை. அழிக்கவா?’

விரல் அந்தரத்தில் நின்றது. ‘என்’ அழுத்தினார். அடுத்த வரி வந்தது. ‘பிரசவ மருத்துவமனை, அதே கதவு, ஐந்தாம் முறை. அழிக்கவா?’

“இதைச் சரி பண்ணலையா?”

“பூட்டு மாத்தணும்னு மெக்கானிக் மூணு தடவை எழுதிக் குடுத்தார் சார். அப்புறம் பாக்கலாம்னு நீங்கதான் சொன்னீங்க.”

திரை பதிலுக்குக் காத்திருந்தது. மேனேஜர் தொலைபேசியை எடுத்து மருத்துவமனையை அழைத்தார். “அந்த லிஃப்டை உடனே நிறுத்துங்க. யாரையும் ஏறவிடாதீங்க. ஆளை அனுப்புறேன்.”

தொலைபேசியை வைத்துவிட்டுக் கேட்டார். “மொதல்ல அழிச்ச ரெண்டும்?”

“திரும்ப வராது சார்.”

“அதையும் ஆய்வுக்கு வர்றவங்ககிட்ட நானே சொல்லிடறேன்.” முகத்தைத் துடைத்துக்கொண்டார். “மொத்தமா அழின்னு சொன்னப்போ ஒண்ணும் தோணலைம்மா. அறிக்கையை அழிச்சா பழுது போயிடாது. அடுத்து ஏறப்போறவங்களுக்குத்தான் அது தெரியாமப் போயிடும்.”