எழுத்தாளர் ஏறிய கார்

மகள் தமிழ்நிலா மலேசியா போகப் பையைத் தூக்கிக்கொண்டு தெருமுனை திரும்பிய கையோடு எழுத்தாளர் புருஷோத்தமன் வந்து நின்றார். அம்சவள்ளி கண்ணைத் துடைத்துக்கொண்டு, இருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாள். டிவியில் வருகிற மனிதர் வீடு தேடி வந்தால் சும்மாவா?

மழை பிடித்து மரக்காணம் உப்பளமெல்லாம் தண்ணீரில் கிடந்தது. உப்புக் கூடை தூக்கும் பெண்களுக்குத் தை பிறக்கும்வரை கூலி கிடையாது. அந்த நேரம் பார்த்துத்தான் ஏஜென்ட் பிரபாகரன் மலேசியாவில் ஓட்டல் வேலை என்று வந்தான். முதலில் தெருவில் ஒருத்தியும் அவனை நம்பவில்லை. அம்சவள்ளி துடைப்பத்தையே காட்டினாள். அப்புறம் அவனுடைய வெள்ளைக் காரின் முன்சீட்டில் இந்தச் சென்னை எழுத்தாளர் வந்து இறங்கினார். குயிலாப்பாளையத்தில் ரூம் போட்டுத் தங்கி, தினமும் அவனோடு வந்து, அவனோடு டீ குடித்து, அவன் தோளில் கை போட்டுச் சிரித்தார். இவ்வளவு பெரிய மனுஷன் கண்டவனோடு சுற்றுவாரா என்று தெருவே பேசிக்கொண்டது. பாஸ்போர்ட்டுக்குத் தமிழ்நிலா கையெழுத்துப் போட்டது அதற்கு அப்புறம்தான்.

புருஷோத்தமன் செல்போனில் ரெக்கார்டரைத் தட்டி மடியில் வைத்துக்கொண்டார்.

“ஒரு நாவலுக்காகக் கேக்கறேம்மா. பொண்ணு திரும்பி வராமப் போயிடுவாளோன்னு ஒரு நிமிஷம்கூடத் தோணலையா?”

“ஏன் சார் வராமப் போவா? ரெண்டு வருஷம்னுதானே ஏஜென்ட் சொன்னாரு?”

அவர் சட்டென்று ரெக்கார்டரை அணைத்தார்.

“என்னா சார்? சொல்லுங்க சார்!”

பிடுங்கிப் பிடுங்கித்தான் வந்தது. ஓட்டல் கிடையாது. மசாஜ் சென்டர் என்று போர்டு இருக்கும். போய் இறங்கியதும் பாஸ்போர்ட்டைப் பறித்துக்கொள்வார்கள். அப்புறம் ஆண்களை அனுப்புவார்கள். எல்லாம் பிரபாகரனே அவரிடம் சொன்னது.

“அப்ப இம்மா நாளா உங்களுக்குத் தெரியும்?”

“யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு வாக்கு குடுத்திருக்கேன். சொன்னா அவன் அப்புறம் பேசமாட்டாம்மா. பாதி நாவல்தான் முடிஞ்சிருக்கு. இந்த புக் வந்தா எத்தனையோ பொண்ணுங்க தப்பிப்பாங்க.”

பாதி நாவலாம்! பெற்றவள் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல ஒரு மனிதனுக்கு எப்படித்தான் நாக்கு வருகிறதோ? அம்சவள்ளி அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள்.

“ஈசிஆர் ரோட்ல அவன் வேன் நிக்குது. நட. நடன்னு சொல்றேன்!”

வேன் கிளம்பப் போகிற நேரம். உள்ளே தமிழ்நிலாவோடு பக்கத்துத் தெரு சங்கீதாவும் கலைமதியும் இருந்தார்கள். பிரபாகரன் பதறவே இல்லை, சிரித்தான்.

“ஏம்மா, அவ மேஜர். போறேன்னு அவளேதான் சொன்னா. கேட்டுப் பாரு.”

“எறங்குடி! இவன் உன்ன விக்கப் போறான்!”

தமிழ்நிலா அம்மாவைப் பார்க்கவில்லை. எழுத்தாளரைத்தான் பார்த்தாள். “நெசமா சார்?”

அவர் பிரபாகரனைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். “நீ மட்டும் எறங்கிக்கம்மா” என்று வாய்க்குள்ளேயே முனகினார்.

நீ மட்டுமாம்! தமிழ்நிலா பையோடு இறங்கினாள். “அப்ப நாங்க சார்?” என்று சங்கீதா ஜன்னலில் எட்டிக் கேட்டாள். அவர் மெல்லப் பின்னால் நகர்ந்தார். பிரபாகரன் கதவை அறைந்து சாத்தினான்.

தன் பெண் கிடைத்துவிட்டாள், அழைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். அம்சவள்ளி போகவில்லை. வேனுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். ஹாரன் காதைப் பிளந்தது. பின்னால் புதுச்சேரி பஸ் நின்றது, லாரிகள் நின்றன. டிரைவர்களும் பஸ்ஸில் இருந்தவர்களும் இறங்கி ஓடிவந்தார்கள்.

“ஏம்மா, இன்னா தகராறு?”

“என்னைக் கேக்காதீங்க.” அம்சவள்ளி கையை நீட்டினாள். “தோ நழுவுறாரே, அவரைப் பிடிச்சுக் கேளுங்க. இந்தப் பொண்ணுங்க எங்க போவுது, யார்கிட்ட போவுது, எல்லாம் அவருக்குத் தெரியும். கேளுங்க!”

கூட்டம் திரும்பி அவரைச் சூழ்ந்துகொண்டது. அவர் வாயைத் திறக்கும்வரை அம்சவள்ளி வேனை விட்டு நகரவில்லை.