துண்டுக்குள் முடிந்த வைத்தியம்

எங்கள் அத்தான் வெள்ளத்துரை எதையும் சொன்ன விலைக்கு வாங்கியவர் இல்லை. மகனின் ஞானஸ்நானத்துக்குப் பாதிரியார் குறித்த நாளைக்கூட ஒரு வாரம் தள்ளிப் பேசி முடித்தவர். ராயபுரத்தில் எங்களுக்குக் கருவாட்டு மண்டி. ஏலம் கூறுவது அவர். மற்ற எல்லாத் தலைவலியும் எனக்கு.

எழுபத்துமூன்றாம் வருஷம் பொங்கல் கழிந்ததும் அவர் குரல் கரகரத்தது. ஈஸ்டர் வந்தும் தெளியவில்லை. காசிமேட்டிலிருந்து சரக்குக் கொண்டுவரும் குப்பம்மா ஒருநாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள்.

"இன்னா மொதலாளி, ஏலம் வுடுறியா, ரகசியம் பேசினுகீறியா? பின்னால நிக்கிறவனுக்குக் காதுல வுழாம என் சரக்கு மண்ணாப் போவுது!"

"தொண்டக்கட்டு" என்று சொல்லி அத்தான் ஒரு கோலி சோடாவை உடைத்தார். அவருக்கு எல்லாவற்றுக்கும் சோடாதான். ராத்திரி மீன் குழம்பை ஊற்றி மூச்சு முட்டச் சாப்பிடுவார். கழுவிய கை காய்வதற்குள் படுத்துவிடுவார். புளித்த தண்ணீர் தொண்டைவரை ஏறி எழுப்பும். ஒரு சோடா, ஒரு ஏப்பம், மறுபடி படுக்கை. என் அக்கா தேவகிருபை சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனாள்.

கடைசியில் நான்தான் அவரைக் கல்மண்டபம் பக்கத்திலிருந்த டாக்டர் ரகுபதியிடம் இழுத்துப் போனேன். டாக்டர் தொண்டைக்குள் சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்தார். குரல் நாணில் வெள்ளைப் படலம். ஒரு துணுக்கை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் புற்றுநோய் என்ற பேச்சை எடுத்தார். அத்தானுக்குக் கோபம் வந்துவிட்டது.

"எனக்குப் பீடி உண்டா, சாராயம் உண்டா? வெத்தல தொட்டது கெடையாது. தொண்டைக்குள்ள அது எந்த வழியா வரும்?"

"கீழேயிருந்து" என்றார் டாக்டர். "வயித்துக்குள்ள அமிலத்தைத் தாங்க ஒரு பூச்சு இருக்கு. தொண்டைக்கு அது கிடையாது. நீங்க படுத்ததும் அமிலம் ஏறுது, சமயத்துல பித்தநீரும் சேர்ந்து ஏறுது. வெந்த இடத்துல புது செல் வளருது. மறுபடி வேகுது, மறுபடி வளருது. ஒவ்வொரு தடவையும் செல்லுக்குள்ள இருக்கிற டி.என்.ஏ.வைப் பிரதி எடுத்தாகணும். அவசரத்துல பிழை விழும். அமிலமும் பித்தமும் அந்த மூலத்தையே கெடுக்குதோன்னும் எனக்குச் சந்தேகம். 'வளர்ந்தது போதும், நில்'னு சொல்ற இடத்துல பிழை விழுந்தா, செல் நிக்காது. இதுக்கெல்லாம் இன்னும் சரியான அத்தாட்சி இல்லை. உங்க தொண்டையில அத்தாட்சி தேட எனக்கு இஷ்டமும் இல்லை."

மூட்டைக்கு மார்க்கா போடும் தகரத் தகடு என் நினைவுக்கு வந்தது. உப்பு அரித்த தகட்டை வைத்துப் புதுத் தகடு வெட்டினால் எழுத்து மாறிப்போகும். மீஞ்சூர் சரக்கு எங்காவது போய் இறங்கும்.

"இன்னும் புற்றுநோய் ஆகலை. செல் உருமாற ஆரம்பிச்சிருக்கு. இப்பவே நிறுத்தினா திரும்பலாம். சாப்பிட்டு மூணு மணி நேரம் படுக்கக்கூடாது. கட்டில் தலைமாட்டுக் கால்களுக்கு ரெண்டு ரெண்டு செங்கல். சோடா கூடாது."

அத்தான் எழுந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து டாக்டர் கைமேல் போட்டு, உள்ளே தன் கையை விட்டுப் பிடித்துக்கொண்டார். நன்றி சொல்கிறார் என்று நினைத்தேன். பாவம், டாக்டரும் அப்படித்தான் நினைத்துச் சிரித்தார்.

மழைக்காலத்தில் குரல் இன்னும் கெட்டது. அக்காவிடம் கேட்டேன்.

"டாக்டர் சொன்னபடிதான்டே இருக்காவ. தெனமும் ஒரு மணி நேரம் முழிச்சிருந்துட்டுதான் படுக்காவ."

"ஒரு மணியா? மூணுல்லா சொன்னாரு!"

மண்டிக்கு ஓடினேன். அத்தான் நிதானமாகச் சொன்னார்: "மூணு அவரு சொன்ன வெல, மாப்ள. நான் ஒண்ணுக்கு முடிச்சேன்."

"எப்ப முடிச்சிய?"

"துண்டுக்குள்ளதான். ஒத்த வெரலப் புடிச்சேன். அவரு கைய இழுக்கல. செங்கலுக்கு அரை வெரலப் புடிச்சேன். அதுக்கும் இழுக்கல."

எங்கள் மண்டியில் விலை பேசுவது அப்படித்தான். துண்டு மறைவில் விரலைப் பிடித்தால் அது விலை. அந்த விலை கட்டுப்படியாகாதவன் கையை உருவிக்கொள்வான். அசையாமல் இருந்தால் பேரம் முடிந்தது. இது டாக்டருக்கு எப்படித் தெரியும்?

"அத்தான், அவரு என்ன கருவாடா விக்காரு?"

"மூணுன்னு சொல்லுதவன் மனசுல ஒண்ணரை இருக்கும். உமக்கு யாவாரம் தெரியாது."

"உங்க வயித்துல இருக்க அமிலம் துண்டுக்குள்ள கைய நீட்டிச்சா? அது ஒத்துக்கிட்டுதா?"

மண்டியே திரும்பிப் பார்த்தது. முட்டிக்கொள்ளச் சுவர் தேடினேன், சுவரோரமெல்லாம் மூட்டை.

மறுபடி டாக்டர், மறுபடி கண்ணாடி, மறுபடி துணுக்கு. துண்டுக் கதையைக் கேட்ட டாக்டர் தன் வலது கையையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த முறை போனபோது பரிசோதனை முடிவு மேஜைமேல் இருந்தது.

"ஒரு பக்கத்து நாண்ல புற்றுநோய் ஆயிடுச்சு. பெரிய ஆஸ்பத்திரியில ஆறு வாரம் கோபால்ட் கதிர் வைக்கணும். அதுல கேட்கலைன்னா குரல்வளையையே எடுக்கணும். கேட்டாலும் பழைய குரல் வராது. ஏலத்தை மறந்துடுங்க."

அத்தானின் கை துண்டுக்குப் போகும் என்று பார்த்திருந்தேன். போகவில்லை. இரண்டு கையும் மடியிலேயே கிடந்தன.

"சரி, டாக்டர்" என்றார்.

அவ்வளவுதான். சொன்ன விலைக்கே சரி. அவரோடு இத்தனை வருஷம் மல்லுக்கட்டிய நான் நாற்காலியை மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டேன்.

"டாக்டர், ஒரு பக்கந்தான கெட்டிருக்கு?" என்று ஆரம்பித்தேன். "நாலு வாரத்துல முடிக்க முடியாதா? ஏலம் வேண்டாம், சரி. சும்மா பேசுத அளவுக்காவது... ஒரு பாதிக் குரலாவது..."

அத்தான் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார்.

"சும்மா இரும், மாப்ள" என்றார், காற்றாக வந்த குரலில். "எந்த ஆஸ்பத்திரி, என்னைக்கு வரணும்னு மட்டும் கேளும்."